கல்லுக்குழித் தெருவின் மாதிரி அறிக்கை

ஆராய்ச்சியில் இரண்டு வகை உண்டு என்பது முப்பத்தெட்டு வயதுவரை ராசாங்கத்துக்குத் தெரியாது. நோயாளிக்கு ஏதாவது கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பது ஒரு வகை. எதுவும் கொடுக்காமல், என்னதான் ஆகிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குக் கவனிப்பு ஆராய்ச்சி என்று பெயர். ஒன்றும் கொடுக்காமல் சும்மா பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அதில் நாம் வேகமாக முன்னேறியிருந்தோம். பார்த்ததை எழுதுவதில்தான் கொஞ்சம் பின்தங்கியிருந்தோமாம். அந்தக் குறையைப் போக்க எழுபத்தொன்பதாம் வருஷம் திருச்சியில் 'கவனிப்பு ஆராய்ச்சி அறிக்கை மேம்பாட்டுக் குழு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கு ஒரு மாடிக் கட்டடமும் இரண்டு கார்களும் கொடுத்தார்கள்.

ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் மலேரியா ஊழியர். வீட்டுக்கு வீடு சுவரில் தகர அச்சை வைத்துக் காவிக் கட்டம் போட்டிருப்பார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டு, கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மேலதிகாரி ஜீப்பில் வந்தால் சுவரைப் பார்த்தே ஆள் வந்தானா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். ஆக, அவருடைய பதிவேடு என்பது ஊரார் வீட்டுச் சுவர்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட ஜனங்கள் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

தட்டாம்பள்ளம் என்ற ஊரில் அவருக்கு இரண்டு தெரு. மேலத்தெருவில் முப்பத்தெட்டு வீடு. அவர்களுக்குக் கிணறு உண்டு. ஊருக்கு வெளியே கல்லுக்குழித் தெருவில் நாற்பத்தொரு வீடு. எந்தக் காலத்திலோ சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட குழியில் மழைத் தண்ணீர் தேங்கும். குடிக்க, குளிக்க, மாட்டைக் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். மேலத்தெருக் கிணறு கூப்பிடு தூரம். ஆனால் அந்தக் கிணற்றில் இவர்கள் வாளி விடக்கூடாது என்பது யாரும் எழுதாமலே எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி.

குழித்தெருவில் வாந்திபேதி வந்தபோதெல்லாம் ராசாங்கம் அந்த வீட்டுக் கட்டத்துக்குள்ளேயே அடியில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். சாவு விழுந்தால் ஒரு பெருக்கல் குறி. எத்தனை பேர் குழித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பக்கத்தில் ஓர் எண். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மூன்று வருஷம் போனபின் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருவின் முனையிலிருந்து பார்த்தார். ஒரு தெருச் சுவரெல்லாம் கரி. மறு தெருச் சுவரெல்லாம் சுத்தம். அதைப் புரிந்துகொள்ள டாக்டர் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

காத்தாயி வீட்டுச் சுவரில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. மூத்த பெண். அடுத்தவளுக்கும் வயிறு சரியில்லை. மூன்றாவது, சின்னப்பிள்ளை, இன்னும் இடுப்பிலிருந்து இறங்கவில்லை.

"காய்ச்சிக் குடிங்க தங்கச்சி" என்றார் ராசாங்கம்.

"கூழு காய்ச்சவே கருவேலங்காட்டுல சுள்ளி பொறுக்கறேன். தண்ணியையும் காய்ச்சுன்னா எதை வச்சு எரிக்கிறது? வூட்டையா?" என்றாள் காத்தாயி. "ஒரு அடிபம்புக்கு வழி பண்ணுங்க சார். மூத்தவ போயிட்டா. இதுங்களாச்சும் தங்கட்டும்."

ராசாங்கம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனார். அங்கே ஆணையர் நல்ல மனுஷர். பம்பு ஒன்று இருக்கிறது என்றார், குழாயும் இருக்கிறது என்றார். "நோய்க்குத் தண்ணிதான் காரணம்னு ஒரு அறிக்கை வேணும். மேம்பாட்டுக் குழு ஒத்துக்கிட்ட அறிக்கையா இருக்கணும். அது வந்த மறுநாள் பம்பு இறங்கிடும், போங்க" என்றார். ராசாங்கத்துக்கு அப்போது அது சுலபமான காரியமாகப் பட்டது.

ஆவணி மாதம் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினார். குழித் தண்ணீர் குடிக்கும் நாற்பத்தொரு வீட்டில் முப்பத்து மூன்று வீட்டில் வாந்திபேதி, நான்கு சாவு. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் முப்பத்தெட்டு வீட்டில் இரண்டே வீடு, சாவு இல்லை. ஆகவே அடிபம்பு ஒன்று வேண்டும். இப்படிக்கு, ராசாங்கம்.

புரட்டாசியில் அது திரும்பி வந்தது. கூடவே முப்பத்தொரு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலும் வந்தது. தலைப்பிலேயே ஆய்வின் வகையைச் சொல்ல வேண்டும். யாரைச் சேர்த்தாய், யாரை விட்டாய், ஏன் விட்டாய்? எதை எப்படி அளந்தாய்? உன் ஆய்வின் குறை என்ன? படித்துப் பார்த்த ராசாங்கத்துக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. நியாயமான கேள்விகள்தானே, கண்டதையும் எழுதி எவனும் ஏமாற்றக்கூடாது இல்லையா? பதினேழாம் அம்சம் மட்டும் கொஞ்சம் நெருடியது: 'கவனிப்பவர், கவனிக்கப்படுவோருடன் கலந்து, தம் செயலால் ஆய்வின் போக்கை மாற்றலாகாது.'

அரியலூரில் டைப் அடிக்கும் கடையில் உட்கார்ந்து பதினாறு பக்கம் தயாரித்தார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருச் சாக்கடை முழுக்கக் குழியில் இறங்கியது. பிளீச்சிங் பவுடர் இரண்டு மூட்டை கொட்டிப் பார்த்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. காத்தாயியின் இரண்டாவது பெண் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் படுத்து மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். ராசாங்கம் சுவரில் இரண்டாவது பெருக்கல் குறியைப் போடும்போது கோடு கோணலாக விழுந்தது. அறிக்கையில் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று திருத்தி அனுப்பினார்.

மார்கழியில் நேரில் வரச் சொல்லித் தபால் வந்தது.

திருச்சியில் மாடியில் நீள மேசை. ஆறு பேர். ஆளுக்கொரு தட்டில் வடை. நடுவில் குழுத் தலைவர் டாக்டர் வைத்தியலிங்கம். காலரா என்று ஒரு தாளில் கண்டால், ஊரில் எத்தனை பேருக்கு என்று கேட்பதற்கு முன் ஓரத்தில் சரியாக இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். அவருக்கு வலப்பக்கம் புள்ளியியல் அதிகாரி கோதண்டராமன், கையில் சிவப்புப் பென்சிலோடு. ராசாங்கத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"ஏம்ப்பா, இந்த அஞ்சாவது ஆள் எங்கேருந்து வந்தது?" என்றார் கோதண்டராமன்.

"செத்துப்போச்சு சார்."

"அது சரி. போன அறிக்கையில இல்லையே?"

"போன அறிக்கையில உசுரோட இருந்துச்சு சார்."

"ரெண்டுல எந்த அறிக்கைய நாங்க நம்பறது?"

ராசாங்கம் யோசித்தார். இரண்டும் உண்மை என்று சொன்னால் திமிர் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருந்தது. "அப்ப அது உண்மைங்க, இப்ப இது உண்மைங்க" என்றார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவப்புப் பென்சில் 'முரண்பாடு' என்று எழுதியது.

"பதிமூணாம் அம்சம். ஆய்வோட நடுவுல விலகிட்டவங்க எத்தனை பேர்?"

"யாரும் விலகலைங்க."

"ஆரம்பத்துல இருநூத்திப் பதினாலு பேருங்கறே. முடிவுல இருநூத்தி ஒம்போதுங்கறே. அஞ்சு பேர் எங்க?"

"அந்த அஞ்சு பேர்தாங்க செத்தது."

"அது விலகின விதம். நான் கேக்கறது காரணம்."

"தண்ணி சார்."

"அது முடிவு. முடிவைக் கொண்டாந்து காரணத்துல எழுதக்கூடாது. 'பின்தொடர இயலவில்லை'ன்னு போடு."

ராசாங்கம் போட்டுக்கொண்டார். காத்தாயியின் பெண்ணைச் சுடுகாடுவரை பின்தொடர்ந்து போயிருந்தார் என்பதால் அப்படி எழுதுவது அவருக்கு உறுத்தலாக இருந்தது.

"குழித்தெருக்காரங்களை ஒரு மூணு மாசம் கிணத்துத் தண்ணி எடுக்கச் சொல்லிப் பாத்தியா? நோய் தண்ணியினாலதானான்னு அப்ப தெளிவாத் தெரியுமே."

"விட மாட்டாங்க சார்."

"யார்?"

"மேலத்தெருவுல சார்."

ஆறு பேரும் குனிந்து அவரவர் வடைத் தட்டைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதை 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில ஒரு வரி எழுதிடுங்க. பேர் ஊர் வேணாம்" என்றார்.

கடைசியில்தான் பெரிய இடி விழுந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதியிருந்தார் ராசாங்கம், தன் கடமையைச் செய்ததாகக் காட்ட வேண்டும் என்று. கோதண்டராமன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"காய்ச்சிக் குடிக்கச் சொன்னியா? பதினேழாம் அம்சம் என்னாச்சு? யாராவது கேட்டுத் தொலைச்சு பொழைச்சிருந்தா மொத்த ஆய்வும் கெட்டுப்போயிருக்குமேய்யா!"

"யாரும் கேக்கலைங்க. வெறகு இல்லை" என்று ராசாங்கம் அவசரமாகச் சமாதானம் சொன்னார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். எதிரே கேட்பதற்கு ராசாங்கம் ஒருவர்தான் என்றாலும் கால் மணி நேரம் பேசினார். "தம்பி, நம்ம நாட்டுல ஜனங்க சாகறதுக்குக் குறைவே இல்லை. நல்ல அறிக்கைக்குத்தான் பஞ்சம். மோசமா எழுதப்பட்ட சாவு வீணாப்போன சாவு. நல்லா எழுதினாதான் அது விஞ்ஞானம். உங்க பம்பு இன்னிக்கு வரும், நாளைக்குத் துருப்பிடிக்கும். அறிக்கை நூலகத்துல நிக்கும். அதனால அவசரப்படக் கூடாது. மூல ஆவணங்களை மட்டும் இணைச்சு அனுப்பிடுங்க, முடிஞ்சுபோச்சு."

"மூல ஆவணம் சுவருங்க" என்றார் ராசாங்கம்.

"எந்தச் சுவர்?"

"நாப்பத்தொரு வூட்டுச் சுவருங்க. கரியில எழுதினதுங்க."

பெயர்த்து எடுத்து வர முடியுமா என்று ஒரு உறுப்பினர் உண்மையாகவே கேட்டார். சுவரில்லாமல் வீடு நிற்காது என்பதை இன்னொருவர் சுட்டிக்காட்டினார். கடைசியில், ஆவணம் வராவிட்டால் குழு ஆவணத்திடம் போகும் என்று தீர்மானமாயிற்று. மாசி மாதம் பத்தாம் தேதி, காலை பத்து மணி. பஸ்ஸில் திரும்பி வரும்போது ராசாங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டால் எந்தப் பாவிக்கும் மனசு இளகிவிடும். தெரு முனையில் நின்று ஒரு பார்வை போதும். அப்படித்தான் அவர் நினைத்தார்.

சேதியைக் கல்லுக்குழித் தெரு நாட்டாண்மை முருகையனிடம் சொன்னார். பெரிய டாக்டர்கள் ஆறு பேர், இரண்டு காரில், உங்கள் வீட்டுச் சுவர்களைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள் என்றார். ஓட்டுக் கேட்பவர்கள்கூட அந்தத் தெருவில் காரை விட்டு இறங்கியதில்லை.

"செவுத்தையா பாக்க வர்றாங்க?" என்று முருகையன் இரண்டு தரம் கேட்டார்.

"ஆமாண்ணே. செவுத்தைத்தான் பாக்கணுமாம்."

"நீங்க கவலைய விடுங்க சார். தெரு மானத்தை நான் காப்பாத்தறேன்."

இந்தப் பேச்சை ராசாங்கம் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். கவனிப்புதானே அவர் வேலை.

மாசி பத்தாம் தேதி காலை அவர் சைக்கிளில் வந்து தெரு முனையில் இறங்கியபோது கண் கூசியது. நாற்பத்தொரு வீடும் வெள்ளை. சாவு விழுந்த தெரு என்று அந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை, சுவருக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்த்திருந்தார்கள். பக்கத்துக் காளவாயில் சுண்ணாம்பு வாங்கி, தெருவே கூடி, நாலு நாளாக மூன்று பூச்சு. கூலிக்குப் போகாமல் அடித்திருக்கிறார்கள். இந்தத் தடவை காவிக் கட்டத்தையும் விடவில்லை.

"ஒரே கரிக்கோடா இருந்துச்சு சார். படிச்சவங்க பாக்கறப்ப அசிங்கமா இருக்காது?" என்றார் முருகையன், கையெல்லாம் சுண்ணாம்பு பட்டுப் புண்ணாகியிருக்க. "வயித்தால போறவங்க எட்டுப் பேரையும் உடையார்பாளையத்துல சொந்தக்காரங்க வூட்டுக்கு வண்டி கட்டி அனுப்பிட்டேன். தெரு இப்ப எப்படி இருக்கு பாருங்க!"

அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்து ராசாங்கத்தால் ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. அந்த நேரத்தில் கார்கள் வந்துவிட்டன.

பந்தல் போட்டிருந்தார்கள். குழு உட்கார்ந்தது. அரியலூரிலிருந்து இளநீர் வந்திருந்தது. கோதண்டராமன் படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மனுஷன் உழைப்பில் குறை சொல்ல முடியாது, வெயிலில் நாற்பத்தொரு வீட்டையும் விடவில்லை. ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று மேலும் கீழும் பார்த்து, 'குறிகள்: இல்லை' என்று எழுதினார்.

"சார், எல்லாம் வெள்ளைக்கு அடியில இருக்கு சார்" என்று ராசாங்கம் பின்னாலேயே ஓடினார்.

"அடியில இருக்கறது கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியலைங்க."

"தெரியாததை எப்படிய்யா கவனிக்கிறது? இது கவனிப்பு ஆராய்ச்சி."

காத்தாயி வீட்டு முன்னால் ராசாங்கம் பொறுக்க முடியாமல் சைக்கிள் சாவியால் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்போடு காவியும், காவியோடு மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்து கைகொள்ளாமல் விழுந்தன. கோணல் பெருக்கல் குறி அதில் எங்கேயோ இருந்தது. காத்தாயி வாசலில் சின்னப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"நான் சொல்றேன் சார், எம் புள்ளைங்க ரெண்டு" என்று தொடங்கினாள்.

"வாய்மொழி வேணாம்மா. சுவர்தான் மூல ஆவணம்னு உங்காளே சொல்லியிருக்கார்" என்று கோதண்டராமன் தன்மையாகத்தான் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

போகும்போது தலைவர் ராசாங்கத்தின் தோளில் கை வைத்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான ஆவணம் பாத்ததில்லை தம்பி. ஒரு அடித்தல் உண்டா, திருத்தல் உண்டா? அறிக்கைய நாங்களே முடிச்சு அனுப்பிடறோம்" என்றார். கார்கள் கிளப்பிய புழுதி புது வெள்ளைமேல் படிந்தது. அதைத் துடைக்கத் துணியோடு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

வைகாசியில் தடித்த உறை வந்தது. தாமிரத் தாம்பாளம் மாதிரி பளபளக்கும் அட்டை போட்ட நாற்பது பக்க அறிக்கை. முப்பத்தொரு அம்சமும் ஒன்றுகூடத் தவறாமல் இருந்தன. ஊர்ப் பெயர் இல்லை. 'முடிவுகள்' என்ற இருபத்தெட்டாம் அம்சத்தில், 'ஆவணங்களில் நோயோ மரணமோ காணப்படவில்லை' என்றிருந்தது. முப்பத்தோராம் அம்சத்தில், 'மேலும் ஆய்வு தேவை.' கடைசிப் பக்கத்தில் ராசாங்கத்துக்கு நன்றி. மாநிலம் முழுக்க இதைப் பார்த்து எல்லாரும் எழுத வேண்டும் என்று குழு பரிந்துரை செய்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர் யூனியன் ஆபீசுக்கு ஓடினார். எப்படியோ குழு ஒத்துக்கொண்ட அறிக்கைதானே! ஆணையர் மரியாதையாக வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மேல 'மாதிரி அறிக்கை'ன்னு போட்டிருக்கே."

"ஆமாங்க. ரொம்ப நல்லா இருக்குன்னு அப்படிப் போட்டாங்க."

"மாதிரின்னா எழுதிப் பழகறதுக்குக் கொடுக்கறதுங்க. இதுமேல நடவடிக்கை எடுக்க விதி இல்லையே. நிஜ அறிக்கை இருந்தாக் கொண்டாங்க, பம்பு இங்கதான் இருக்கு."

ஜன்னல் வழியாகக் கை காட்டினார். வேப்பமரத்தடியில் பம்பு நின்றுகொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் ஆபீஸ் பியூன் வேட்டி காயப் போட்டிருந்தார். நிஜ அறிக்கை எங்கே என்று திருச்சிக்கு எழுதிக் கேட்டதற்கு, மேம்படுத்தப்பட்ட வடிவம் வந்துவிட்டதால் பழையது ரத்து என்று பதில் வந்தது. வேண்டுமானால் புதிதாகத் தொடங்கலாமாம். மூன்று வருஷக் கவனிப்பாவது இருக்க வேண்டுமாம். தொடங்கும் நாளுக்கு முந்தைய நோயும் சாவும் கணக்கில் சேராதாம்.

அக்கினி நட்சத்திரம் முடிந்தும் தணியாத வெயிலில் ராசாங்கம் தட்டாம்பள்ளத்துக்குப் போனார். சைக்கிள் பஞ்சர், நாலு மைல் நடை. நாலு வருஷமாக அரியலூரிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவது அவர் வழக்கம். பாதி வழியிலேயே அது காலி. உடையார்பாளையம் போன எட்டுப் பேரில் ஆறு பேர்தான் திரும்பி வந்தார்கள் என்று தெரு முனையிலேயே சொன்னார்கள். சொன்னவர் முருகையன். அவர் உடனே திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

காத்தாயி வீட்டுச் சுவரில் தகர அச்சை வைத்துப் புதுக் காவிக் கட்டம் போட்டார் ராசாங்கம். தேதி போட்டார். கையெழுத்திட்டார். 'குழித் தண்ணீர் குடிப்போர்' என்று எழுதி, பக்கத்தில் நாலு என்று போட்டார்: காத்தாயி, புருஷன், மாமியார், சின்னப்பிள்ளை.

"பம்பு வருமா சார்?"

"இன்னும் மூணு வருஷம் பாக்கணுமாம்."

அவள் அழவில்லை. "பெரியவளையும் நடுவுளவளையும் போடுங்க" என்றாள்.

"அது சேராதாம் தங்கச்சி. இன்னைலேருந்துதான் கணக்காம்."

"அப்ப அவுங்க இல்லவே இல்லையா?"

அவர் கரித்துண்டை அவளிடம் நீட்டினார். காத்தாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். கட்டம் எது, வெளி எது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. கூரை இறவாணத்திலிருந்து தரைவரை சுவர் முழுக்க இழுத்து ஒரு பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் அதே அளவுக்கு இன்னொன்று. பிறகு கரித்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், கழுவிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

ராசாங்கம் சொம்பைப் பார்த்தார். தண்ணீர் லேசாக வெளுத்து, அடியில் மண் தெரிந்தது. சின்னப்பிள்ளை அம்மாவின் கையிலிருந்து எட்டி அந்தச் சொம்பைப் பிடிக்கப் பார்த்தது. அவர் அதை வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, நாலு என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.